கோவிவன், கருப்பி, மண்ணாங்கட்டி: ஒரு நாய்க்குட்டிக்குப் பேர் தேடிய கதை

செய்யூர் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது காலைச் சுற்றிய செவலைக் குட்டி ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். பொட்டைக் குட்டி. ஒன்பது நாள் அதற்குப் பேர் இல்லை. அம்மா "தோ தோ" என்றார். அப்பா எப்படியும் கூப்பிடவில்லை, ஆனால் தட்டில் மீன் முள்ளை ஒதுக்கி வைக்க ஆரம்பித்தார். நான் நம் வழக்கப்படி வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். இலக்கியம் வாசிக்கிறவர்கள் இருக்கும் குழு அது. அதனால் புரூனோ, சிம்பா, கோக்கோ எல்லாம் முதலிலேயே தள்ளுபடி. காஃப்கா என்றார் ஒருவர். ஏற்கெனவே இரண்டு காஃப்கா இருப்பதாக இன்னொருவர் சொன்னார். ஒன்று நாய், ஒன்று பூனை. சங்க இலக்கியத்திலிருந்து நாலைந்து பேர் வந்தன. எல்லாமே வள்ளல்கள். ஒரு வள்ளலைப் பிஸ்கட்டுக்காக வாலாட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பிறகு ஒருவர் எழுதினார்: "தனித்துவமா வேணும்னா மண்ணாங்கட்டின்னு வை. செம்மயா இருக்கும்." சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. குப்புசாமி, முனுசாமி, பிச்சை என்று வரிசையாக வந்தது. நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். காட்டிவிட்டு ஒரு நிமிஷம் போனை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணாங்கட்டி என்பது என் தாத்தாவின் பேர். அப்பாவைப் பெற்றவர்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு நிமிஷத்திலிருந்து வந்தது. குழுவில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எழுதியவருக்கு என் தாத்தா பேர் தெரியாது. ஆனால் நாய்க்கு வைத்தால் சிரிப்பு வரும் மனிதப் பேர் எது, சிரிப்பு வராத பேர் எது என்று நமக்கெல்லாம் உள்ளூரத் தெரிந்திருக்கிறது. ரமேஷ் என்று நாய்க்கு வைத்தால் லேசான குறும்பு. குப்புசாமி என்று வைத்தால் வெடிச்சிரிப்பு. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? நம் எழுத்தும் சினிமாவும் நாய்க்குப் பேர் வைத்த இடங்களைத் திரும்பிப் பார்த்தால் ஏதாவது கிடைக்கும் என்று தோன்றியது.

முதலில் ஒரு கல். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் எடுத்தனூர் என்ற ஊரில் நிற்கும் நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். நம்ம மாமல்லபுரத்துக்குப் பேர் கொடுத்த நரசிம்மவர்மனின் அப்பா காலம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' வந்தபிறகு இந்தப் பக்கத்துக் கற்களைப் பற்றி வெளியே பரவலாகத் தெரிந்தது. எருமைகளைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டு ஒருவன் செத்துப்போகிறான். அவனுக்குக் கல். அதில் அவன் உருவம் இருக்கிறது. கூடவே அவன் நாயின் உருவமும், நாயைப் பற்றி வட்டெழுத்தில் ஒரு செய்தியும். கோவிவன் என்கிற நாய், கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது.

இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை ஒரு இலக்கியப் பிரதியாக வைத்துப் படித்துப் பாருங்கள். நாய் விசுவாசமானது என்று ஒரு வார்த்தை இல்லை. நன்றியுள்ள ஜீவன், வாயில்லா ஜீவன் என்ற பேச்சே இல்லை. பேர் இருக்கிறது, செய்த வேலை இருக்கிறது. கடித்தது, காத்தது. அந்தக் 'காத்திருந்த' என்ற சொல் இன்னைக்கு நமக்கு 'வெயிட் பண்ணின' என்றும் கேட்கும். எருமையைக் காவல் காத்ததா, விழுந்து கிடந்தவன் எழுந்திருப்பான் என்று காத்துக் கிடந்ததா? கல் சொல்வது முதலாவதை. என் காதில் இரண்டும் விழுகிறது.

இன்னொன்று. செங்கம் கற்கள் அரசன் பேரைச் சொல்லித்தான் தொடங்கும். 'கோவிசைய' என்று ஆரம்பித்து மன்னன் பேர் வரும். அதே கல்லில் நாய்க்கும் 'கோ'வில் தொடங்கும் ஒரு பேர். அரசனுக்கும் நாய்க்கும் ஒரே முதலெழுத்து வருவதை யாரும் கிண்டலாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. உளிக்காரன் இரண்டையும் ஒரே கையால்தான் வெட்டியிருப்பான்.

நாய்க்கு மட்டும் என்றில்லை. எங்களுக்குக் கிட்டவே, மதுராந்தகம் பக்கத்தில் இந்தளூரில் ஒரு சண்டைச் சேவலுக்குக் கல் இருக்கிறது. கீழ்ச்சேரிக் கோழி, பேர் பொற்கொற்றி. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் ஒரு மேற்சேரிக் கோழி. எந்தத் தெருச் சேவல் என்பது பேரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய தகவலாக இருந்திருக்கிறது. சேரி என்ற சொல்லுக்கு அப்போது வெறும் குடியிருப்பு என்றுதான் பொருள். பிறகு அந்தச் சொல்லுக்கு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும்.

இங்கிருந்து 2018க்கு ஒரு தாவல். 'பரியேறும் பெருமாள்' பார்த்தவர் யாருக்கும் கருப்பியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மாரி செல்வராஜின் முதல் படம், நீலம் புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பு. குளத்தில் வேட்டை நாய்களைக் குளிப்பாட்டும் பையன்கள், அங்கே வரும் ஆதிக்கச் சாதிக்காரர்கள், பிறகு தண்டவாளத்தில் கட்டிப்போட்ட கருப்பி. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போகிறாள்.

கருப்பி தனித்துவமான பேரா? இல்லவே இல்லை. நம் ஊரில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு கருப்பி, ஒரு செவலை, ஒரு வெள்ளையன் உண்டு. நிறத்தைப் பேராக வைப்பது ரொம்பப் பழைய பழக்கம். வேத மரபில் எமனுக்கு இரண்டு நாய்கள், சியாமா, சபலா. கறுப்பி, புள்ளிக்காரி என்று நம் பாஷையில் சொல்லிக்கொள்ளலாம். எமனே அதற்கு மேல் மெனக்கெடவில்லை. ஆனால் இங்கே இன்னொரு சங்கதி இருக்கிறது. கருப்பி என்பது நாய்க்கு மட்டுமா வைக்கும் பேர்? பள்ளிக்கூடத்தில் எத்தனை பெண் பிள்ளைகளை அப்படிக் கூப்பிட்டு அழ வைத்திருக்கிறார்கள்? அந்தப் பேரைத்தான் படம் எடுத்து, ஒரு பிணத்துக்கு மாலை போட்டு, ஊரே கூடி ஒப்பாரி வைத்து, மனுஷருக்குச் செய்யும் எல்லாச் சடங்கோடும் அடக்கம் செய்கிறது. வசவாகப் புழங்கிய ஒரு சொல்லை நாலைந்து நிமிஷத்தில் துக்கத்தின் சொல்லாக மாற்றிவிடுகிறது. பேர் அரிதாக இருந்ததால் அது நிற்கவில்லை. எத்தனை பேர் எத்தனை முறை எந்தக் குரலில் கூப்பிட்டார்கள் என்பதால் நிற்கிறது.

மாரி செல்வராஜின் படங்களில் பேர்தான் கதையின் அச்சாணி. 'பரியேறும் பெருமாள்' என்ற பேரோடு நாயகன் 'பி.ஏ.பி.எல்.' சேர்த்துக்கொள்கிறான், மேலே ஒரு கோடு போட்டு, இன்னும் முடிக்காத படிப்பு என்று. 'கர்ண'னில் (2021) ஊர்ப் பெரியவர்களுக்கு மகாபாரதப் பேர்கள் இருப்பதே காவல் அதிகாரிக்கு ஆத்திரமூட்டுகிறது. அவர் பேர் கண்ணபிரான் என்பது தனிக்கதை. 'மாமன்ன'னில் (2023) தலைப்பே அதுதான், அந்தப் பேர் கொண்டவரை யார் உட்காரச் சொல்கிறார்கள், யார் நிற்க வைக்கிறார்கள் என்பதுதான் படம். அதே படத்தில் பந்தயத்தில் தோற்ற நாயை அடித்தே கொல்கிறான் ரத்னவேல்.

இவ்வளவு சொன்னபிறகு எனக்கு ஒரு குறையும் உண்டு. கருப்பியை நான் எத்தனை முறை பார்த்தாலும், அவள் சாவதற்காகவே படத்துக்குள் வந்தவள் என்ற எண்ணம் போகமாட்டேன் என்கிறது. பரியனின் வலிக்கு வாசல் திறந்துவிட்டுப் போகிறாள். அவளுக்கு என்ன பிடிக்கும், யாரைக் கண்டால் குரைப்பாள், வெயிலில் எங்கே படுப்பாள் என்று நமக்குத் தெரியாது. பிற்பாடு அதே தண்டவாளத்தில் பரியனை எழுப்ப வருகிறாள் என்பது உண்மைதான். ஆனால் அப்போது அவள் நாயில்லை, ஓர் அழைப்பு. அவள் குறியீடாக ஆகும் வேகத்தில் நாயாக இருப்பதற்கு நேரமில்லாமல் போய்விடுகிறது. எடுத்தனூர்க் கல்லில் ஒரே வரிதான், ஆனால் அந்த ஒரு வரியில் கோவிவன் எதையோ செய்கிறது. வினைச்சொல் அதனுடையது. ஆயிரத்து நானூறு வருஷம் முந்தின உளிக்காரன் இந்த ஒரு விஷயத்தில் நம் சிறந்த இயக்குநர் ஒருவரைத் தாண்டிவிட்டான் என்று சொல்வேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

சரி, பேர் வைக்காமல் விட்டால்? தருமனோடு கடைசிவரை நடந்த நாய்க்கு மகாபாரதத்தில் பேர் கிடையாது. சொர்க்க வாசலில் அது தர்மதேவதை என்று தெரிந்தபிறகு பேர் அவசியமில்லாமல் போகிறது. எங்கள் செய்யூர் கந்தசாமி கோயிலில் பைரவர் பிரசித்தம், நட்சத்திரத்துக்கு ஒன்றாக இருபத்தேழு வேதாளங்கள் அங்கே உண்டு. ஜனங்கள் அவரவர் நட்சத்திரத்துக்கு உரிய வேதாளத்தைத் தேடிப்போய் விளக்கு வைப்பார்கள். பைரவரின் வாகனமான நாய்க்குத் தனியாக ஒரு பேர் சொல்லி யாரும் நான் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ கோயில் வாசலில் படுத்திருக்கும் எல்லா நாயும் 'பைரவர்' ஆகிவிட்டது. கும்பிடுவதும் கல்லால் அடிப்பதும் அதே ஜனங்கள்தான். (சேயூர்தான் செய்யூர் ஆயிற்று என்பார்கள் இங்கே, சேய் என்றால் முருகன். ஊரே பேர் மாறி வந்ததுதான்.)

பேர் இருந்தும் கூப்பிட முடியாமல் போன ஒரு நாயும் உண்டு. ஹோமரின் 'ஒடிஸி'யில் ஆர்கோஸ். இருபது வருஷம் கழித்துப் பிச்சைக்கார வேஷத்தில் திரும்பி வரும் எஜமானனைக் குப்பைமேட்டில் கிடந்தபடி அடையாளம் கண்டு வாலை ஆட்டுகிறது. அவனால் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது, கூப்பிட்டால் வேஷம் கலைந்துவிடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம், யாருடைய நாய் என்பதுபோல விசாரிக்கிறான். நாய் செத்துப்போகிறது. பேரை நமக்குச் சொல்வது கதைசொல்லிதான். கிரேக்கர்களிலேயே ஸெனபோன் என்பவர் வேட்டை நூல் ஒன்று எழுதி, நாய்க்கு வைக்க நாற்பத்தேழு பேர் பட்டியலும் கொடுத்திருக்கிறார். பேர் சின்னதாக இருக்கட்டும், கூப்பிட வசதியாக இருக்கும் என்பது அவர் சொல்லும் ஒரே யோசனை. இதைவிட நல்ல யோசனை இணையத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

'777 சார்லி' (2022) பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சாப்ளின் படம் பார்க்கும் நாயகனுக்குப் பேர் தர்மா, நாய்க்குச் சார்லி. மகாபாரதத்தில் விட்டுப்போன பேரை சினிமா நிரப்பிவிட்டது. தியேட்டரில் அழுதேன், வெளியே வந்து பரோட்டா சாப்பிட்டேன். 'நாய்கள் ஜாக்கிரதை'யில் (2014) ராணுவப் பயிற்சி பெற்ற வெளிநாட்டு ஜாதி நாய்க்கு மணி என்று பேர் வைத்தது எனக்கு இதைவிடப் பிடிக்கும். நம் தெருவில் மணி என்று கத்தினால் இரண்டு மனுஷரும் மூன்று நாயும் திரும்பிப் பார்ப்பார்கள். யாருக்கும் கோபம் வராது. மணி எல்லாருக்கும் பொதுவான பேர், மேலும் இல்லை, கீழும் இல்லை.

எல்லாப் பேரும் அப்படி இல்லை. 2024 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் சிலிகுரிப் பூங்காவுக்குத் திரிபுராவிலிருந்து ஓர் ஆண் சிங்கமும் ஒரு பெண் சிங்கமும் வந்தன. பேர் அக்பர், சீதா. விஸ்வ ஹிந்து பரிஷத் கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்குப் போனது. பேரை மாற்றிவிடுங்கள் என்று நீதிபதி அரசுத் தரப்பிடம் சொன்னார். திரிபுராவில் ஒரு வன அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். படித்தபோது சிரித்தேன். இப்போது யோசித்தால், புண்படும் உரிமையை அங்கே கோர்ட் கேட்டது, கணக்கில் எடுத்தது. மண்ணாங்கட்டி என்று ஒரு நாய்க்கு வைத்தால் எந்தக் கோர்ட்டுக்கு யார் போவார்கள்? (வடநெம்மேலி முதலைப் பண்ணையில் ஒரு பெரிய உவர்நீர் முதலைக்கு 'ஜாஸ் III' என்று பேர். ஹாலிவுட் சுறாப்படப் பேர். அதற்கும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, முதலை உள்பட.)

பத்தாம் நாள் ராத்திரி ஆயாவிடம் கேட்டேன். ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. தாத்தா செய்யூர் உப்பளத்தில் உப்பு வாரியவர். நான் பிறக்குமுன்பே போய்விட்டார்.

"ஆயா, தாத்தாவுக்கு ஏன் அந்தப் பேரு வெச்சாங்க?"

"அதுக்கு மின்ன பொறந்த ரெண்டும் செத்துப்போச்சி. இது மண்ணு, எடுத்துக்காதன்னு எமன ஏமாத்தறதுக்கு வெச்சது."

இது எனக்குத் தெரியும். குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், தவிட்டுக்கு விற்று வாங்கித் தவிடன். பிள்ளை தங்க வேண்டும் என்பதற்காகச் சாவிடம் போட்ட வேஷம். குழுவில் சிரித்த அத்தனை பேர்களும் ஏதோ ஒரு தாய் பயந்து வைத்தவைதான். எமனைக் கடக்க வைத்த பேர் பிற்பாடு ஆண்டையின் வாயில் வசதியாக உட்கார்ந்துகொண்டது. ஏற்கெனவே மண்ணாங்கட்டி என்று வைத்திருக்கிறாய், நான் வேறு எதற்கு இறக்கிக் கூப்பிட வேண்டும் என்பதுபோல.

எனக்குத் தெரியாதது அடுத்துச் சொன்னதுதான்.

"அளத்துல கணக்குப் பாக்குறவரு ஒரு நாயி வளத்தாரு. உசரமா, வெள்ளையா இருக்கும். ராஜான்னு பேரு. உங்க தாத்தாதான் அதுக்கு சோறு வெக்கணும். 'டேய் மண்ணாங்கட்டி, ராஜாவுக்கு சோறு வெச்சியாடா'ன்னு கேப்பாரு. 'ராஜா சாப்ட்டாருங்க'ன்னு இவரு சொல்லணும். சாப்ட்டுச்சின்னு சொல்லக் கூடாது. ஒரு நாளு வூட்டுக்கு வந்து இத சொல்லிட்டு சிரிச்சிச்சி அந்த மனுசன். அப்பறம் சிரிக்கல. அப்ப உங்கப்பன் வவுத்துல."

அப்பாவின் பேர் ராஜா.

அப்பா அப்போது திண்ணையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தக் கதை தெரியுமா என்று கண்ணாலேயே ஆயாவைக் கேட்டேன். "அவனுக்கு எல்லாம் தெரியும், நீ பேசாம இரு" என்றார்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் பல நாள் ஓடவில்லை. நாய்க்கு இருந்த மரியாதை தன் பிள்ளைக்கு வரட்டும் என்று வைத்தாரா, நாயிடமிருந்து அந்தப் பேரைப் பிடுங்கிக்கொண்டாரா? அளத்தில் போய் "எனக்குப் பையன் பொறந்திருக்கான், பேரு ராஜா" என்று சொல்லியிருப்பார். கணக்குப் பார்ப்பவர் முகம் எப்படிப் போயிருக்கும் என்று கற்பனை செய்துபார்க்கிறேன். பிறகு ஒவ்வொரு நாளும் எங்கள் வீட்டு வாசலில் நின்று ஆயா "ராஜா… சோறு துன்ன வாடா" என்று கூப்பிட்டிருப்பார். அது ஒரு நடுகல் என்றே நினைக்கிறேன். கல்லுக்குப் பதில் ஒரு குழந்தை.

குழுவில் நான் இதையெல்லாம் எழுதவில்லை. எழுதினால் எல்லாரும் மன்னிப்புக் கேட்பார்கள், இதயம் போடுவார்கள், இரண்டு நாள் அமைதியாக இருக்கும். நான் கட்டைவிரலை மட்டும் எடுத்துவிட்டேன். இப்போது இங்கே எழுதுகிறேன், குழுவில் இருக்கிறவர்களும் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள்தான். நாய்க்கு மனுஷப் பேர் வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தனித்துவத்துக்காக என்று தேடும்போது நாம் யாருடைய தாத்தாவின் பேரைப் போய் எடுக்கிறோம், யாருடைய தாத்தாவின் பேரைத் தொட மாட்டோம் என்று ஒரு தடவை வரிசையை எழுதிப் பாருங்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

குட்டிக்குக் கோவிவன் என்று வைக்கலாம் என்றேன். கல்லின் கதையைச் சாப்பாட்டு வேளையில் சொன்னேன். அம்மாவுக்குக் கள்ளனைக் கடித்தது பிடித்துப்போயிற்று. அப்பாதான் முதல்முறையாக வாய் திறந்தார்.

"பொட்டக் குட்டிக்கு 'இவன்'னு எப்பிட்றா வெப்ப?"

மறுக்க முடியவில்லை. 'இவன்' போயிற்று, கோவி மிஞ்சியது. இரண்டெழுத்து, ஸெனபோன் சந்தோஷப்படுவார். பக்கத்து வீட்டு ஆயா கோவிந்தா என்று நினைத்துக்கொண்டு "புண்ணியம்டா" என்றார். நாங்கள் திருத்தவில்லை.

மூணு மாசம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடக் கால்நடை மருத்துவமனைக்கு அப்பாவும் நானும் தூக்கிக்கொண்டு போனோம். சீட்டு எழுதுகிறவர் நிமிராமலே கேட்டார். வளர்ப்பவர் பேர்? ராஜா என்றார் அப்பா. ஜாதி? நாட்டு நாய். நிறம்? செவலை. பேர்? கோவி. அவர் 'கோபி' என்று எழுதினார். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை, குட்டி கைநழுவி ஓடப் பார்த்தது, பின்னால் வரிசையில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் நின்றார்கள்.

அப்பா நகரவில்லை. "சார், கோபி இல்ல. கோவி. அடிச்சிட்டு வேற எழுதுங்க" என்றார்.

"எதுவா இருந்தா இன்னாப்பா, நாயிதானே."

"பரவால்ல சார், எழுதுங்க."

அவர் அடித்துவிட்டு எழுதினார். அப்பா சீட்டைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்தபிறகுதான் குட்டியை மேஜை மேல் வைத்தார்.